கொடுங்கையூர் மொட்டை மாடியில் அங்கோரா முயல் வளர்த்து நூல் நூற்க முடியுமா?

மாடிவீட்டு முயல் கேட்டது:

வணக்கம். இங்கே முயல் வளர்க்கிறவர்களும் இருக்கிறீர்கள், தக்ளி என்கிற சின்னக் கைக்கதிர், ராட்டை என்று நூற்கிறவர்களும் இருக்கிறீர்கள், அதனால் இரண்டு தரப்பையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். வீடு கொடுங்கையூரில், சொந்த வீடு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை ஒன்று சும்மா கிடக்கிறது, பழைய கட்டிலும் யாருக்கும் வேண்டாத சாமான்களும்தான் அதில். எனக்கு குரோஷா நன்றாக வரும், குழந்தைத் தொப்பி, சாக்ஸ் எல்லாம் போட்டு விற்கிறேன், ஆனால் அக்ரிலிக் நூலையே பிடித்துப் பிடித்து அலுத்துவிட்டது. அங்கோரா முயலின் முடியை வெட்டி, தானே நூற்று, தானே பின்னுகிற ஒரு பெண்ணின் வீடியோ பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் 'அங்கோரா ஜோடி' 5,000 ரூபாய் சொன்னார்கள். புசுபுசுவென்று அழகாக இருக்கிறது.

நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்குமா? ஃபேன் போட்டு, ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஒரு முயலிடம் வருடத்துக்கு எவ்வளவு முடி கிடைக்கும்? அதைத் தக்ளியில் நூற்க வருமா, இல்லை பெரிய ராட்டை வாங்கவேண்டுமா? வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

---

கோத்தகிரி குளிர் எழுதியது:

நான் பிறந்தது பெரம்பூர், இப்போது இருப்பது கோத்தகிரி, இங்கே சில வருடம் ஜெர்மன் அங்கோரா வளர்த்தவன், அதனால் இரண்டு ஊர் வெயிலும் தெரியும். நேராகவே சொல்கிறேன், அந்த ஆஸ்பெஸ்டாஸ் அறையில் வேண்டாம்.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அது வெளியே விடுவது பெரும்பாலும் காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான். சாதாரண முயலுக்கே 30 டிகிரி தாண்டினால் அவஸ்தை, ஆண் முயலுக்கு அந்தச் சூட்டில் கொஞ்ச காலத்துக்கு விந்து வீரியமே போய்விடும். அங்கோராவோ அதற்கு மேல் ஒரு ரஜாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 10 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் அது நன்றாகத் தின்று நன்றாக முடி வளர்க்கும். இந்தியாவில் இதை வளர்க்கிற இடங்களைப் பாருங்கள், இமாசலத்தில் குலு, மண்டி, அப்புறம் உத்தராகண்ட், சிக்கிம். மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் அங்கோராவுக்காக நிலையம் வைத்திருப்பதும் குலு பக்கத்துக் கார்சாவில்தான், சமவெளியில் இல்லை. சென்னையில் மே மாதப் பகலை விடுங்கள், ராத்திரியே 27, 28க்குக் கீழே இறங்காது. ஜனவரியில்கூட விடியற்காலை 20க்குக் கீழே போவது சில நாள்தான், பகலில் மறுபடி ஏறிவிடும். அதாவது வருடம் முழுக்க அதற்கு ஒரு முழு நாள்கூட இளைப்பாற வழியில்லை.

ஈரச் சாக்கு யோசனை மதுரைக்கோ வேலூருக்கோ ஓரளவு சரி. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது சாக்கு ஈரம் ஆவியாகிக் குளிரவைப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் புழுக்கமாக மாறி, முடி சடைபிடித்து, அடியில் தோல் வெந்து பூஞ்சை வரும்.

ஏசி போடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். ஒரு டன் ஏசி, நின்று நின்று ஓடினாலும் சராசரியாக மணிக்கு முக்கால் யூனிட் என்று வைத்தால் நாளைக்கு 18 யூனிட், இரண்டு மாத பில்லில் 1,080 யூனிட். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே முக்கால் யூனிட் என்பதே குறைத்துப் போட்ட கணக்கு. கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள், வீட்டில் வைக்கிற சாதாரண பேட்டரி இன்வெர்ட்டரில் ஏசி ஓடாது.

வரவு? நல்ல ஜெர்மன் இனம், நல்ல தீவனம், குளிர்ந்த ஊர் இருந்தால் வருடத்துக்கு 800 கிராம், ஒரு கிலோகூடத் தரும். இங்கிலீஷ் அங்கோரா அதில் பாதிகூட வராது. 75 முதல் 90 நாளுக்கு ஒரு தடவை வெட்டவேண்டும். வெட்டியதெல்லாம் நூலுக்கு ஆகாது, முதுகும் விலாவும்தான் முதல் தரம், வயிறும் கால்களும் சடையும் சிறுநீர்க் கறையுமாக இருக்கும். சூட்டில் வாடின முயல் தீனியைக் குறைக்கும், தீனி குறைந்தால் முடியும் குறையும். மின்சாரப் பில்லில் பாதிக்குக்கூட நூல் தேறாது.

கடைசியாக, அந்தக் கடை ஜோடி அங்கோராதானா என்பதே சந்தேகம். கழுத்தைச் சுற்றி மட்டும் பிடரி இருந்து முதுகில் முடி குட்டையாக இருந்தால் அது லயன்ஹெட் என்கிற வேறு இனம். அங்கோராவுக்கு உடம்பு முழுக்க ஒரே நீளம், முதுகில் ஊதினால் பூப் போல விரிந்து நடுவில் தோல் தெரியும், வெட்டி மூன்று மாதம் ஆனதில் முடி ஆறு சென்டிமீட்டருக்குக் குறையாது. ஒன்றரை மாதக் குட்டியைக் காட்டி அங்கோரா என்று விற்பது சுலபம், அந்த வயதில் எல்லாமே பஞ்சு உருண்டைதான்.

---

வேப்பேரி பக்கம் எழுதியது:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். வெயில் காலத்தில் முயலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வருகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். காது சிவந்து சூடாக இருப்பது, மூக்கு ஈரமாவது, பக்கவாட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு வேகமாக மூச்சு வாங்குவது, இதெல்லாம் ஆரம்பம். வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து ஃபேன் காற்றில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

அங்கோராவோ வேறு முயலோ, எப்படியும் வளர்க்கப் போகிறவர்களுக்காக இன்னும் சில. மருந்துக்கடையில் நாய்க்கு வாங்கும் உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலுக்கு விடவே விடாதீர்கள், வலிப்பு வந்து செத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை வாய்வழி கொடுப்பதும் அப்படித்தான், குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்து, கெட்ட கிருமி பெருகி, பேதியில் போய்விடும். நம்ம ஊர் ஈரத்தில் காதிலும் மூக்கிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும் சொறி சர்வ சாதாரணம், அதற்கு ஐவர்மெக்டின் இருக்கிறது, ஆனால் எடை பார்த்து மருத்துவர்தான் போடவேண்டும்.

முடி முயலுக்கு இன்னொரு தொல்லை. நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியை விழுங்கும், முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க நாளெல்லாம் நார் வேண்டும், அதாவது காய்ந்த புல். அருகம்புல், கோ-4 என்கிற தீவனப் புல் எதுவானாலும் நிழலில் காயவைத்துக் கொடுக்கலாம். கேரட்டும் முட்டைக்கோசும் போட்டு வளர்க்கிற வீட்டு முயல்தான் எங்களிடம் அதிகம் வருகிறது. சாணி உருண்டைகள் முடியில் கோத்து மாலையாக வந்தால் அது முதல் எச்சரிக்கை. ஒரு வேளை தின்னாவிட்டாலும், சாணி நின்றாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

---

ராயபுரம் ராஜ் எழுதியது:

எல்லாரும் சேர்ந்து அக்காவை ரொம்ப பயமுறுத்துகிறீர்கள். நான் ராயபுரத்தில்தான் நீளமுடி முயல் ஒன்று வளர்க்கிறேன், தரைத்தள வீடு, மொசைக் தரை, எங்கள் அறையில் எங்களோடுதான் இருக்கிறது. அது அங்கோராக் கலப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கவலையும் இல்லை. பிப்ரவரி கடைசியிலேயே முடியை ஒரு விரல் அகலத்துக்கு ஒட்ட வெட்டிவிடுவேன், ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மத்தியானத்தில் பக்கத்தில் வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். பகலில் கடற்காற்று வந்துவிட்டால் ஒருமாதிரி சமாளிக்கும். ஆனால் ஒன்று, கோடை முழுக்க ஒட்ட வெட்டியே வைத்திருந்தால் நூலுக்கு ஆகிற நீளத்துக்கு முடி வளராது. அதனால் செல்லமாக வளர்க்கலாம், பண்ணையாக வளர்க்க முடியாது. மாடி ஆஸ்பெஸ்டாஸ் அறை மட்டும் கண்டிப்பாக வேண்டாம், பூனை, பெருச்சாளித் தொல்லை வேறு.

இன்னொன்று. 2013ல் சீனப் பண்ணையில் முயலை உயிரோடு கட்டி வைத்து முடியைப் பிடுங்கும் வீடியோ வந்து, பெரிய துணிக் கம்பெனிகள் பல அங்கோராவையே நிறுத்தின. வாங்குகிறவர்கள் இன்றைக்கும் அதைக் கேட்பார்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் முயலுக்கு வலியில்லை, தானாக உதிர்க்கும் இனங்களில் உதிர்கிற சமயம் பார்த்து மெதுவாகச் சேகரித்தாலும் வலியில்லை, ஜெர்மன் அங்கோரா பெரும்பாலும் உதிர்க்காது, அதை வெட்டத்தான் வேண்டும். இதை விளக்கிச் சொல்லி விற்கத் தெரிந்திருக்கவேண்டும்.

---

தக்ளி அக்கா எழுதியது:

எல்லாரும் முயலையே பேசிவிட்டீர்கள், நூலைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பழைய வண்ணாரப்பேட்டை. பருத்தியில் ஆரம்பித்து, பிறகு கம்பளி, எரிப்பட்டு, அங்கோரா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நூற்றுப் பார்த்திருக்கிறேன், அங்கோராவை மட்டும் குலு பக்கத்திலிருந்து தபாலில் வரவழைத்தேன்.

முதலில், நூற்கவே தெரியாதவர் அங்கோராவில் ஆரம்பிக்கக்கூடாது. காரணம் இழையிலேயே இருக்கிறது. ஒரு இழை 12, 13 மைக்ரான்தான், நம் தலைமுடியின் குறுக்களவில் நாலில் ஒரு பங்குகூட வராது. மெரினோ ஆட்டுக் கம்பளியில் இருக்கிற சுருள் இதில் இல்லை, மேல்செதிலும் வழவழப்பு. விளக்கெண்ணெய் தடவிய தலைமுடியைப் பின்னுவது போல விரலுக்கு இடையில் நழுவிக்கொண்டே போகும். அதனால் முறுக்கு நிறைய வேண்டும், பார்த்தால் அதிகம் என்று தோன்றுகிற அளவுக்கு முறுக்கினால்தான் நூல் நிற்கும். தொங்கவிடுகிற கனமான கதிர் சரிப்படாது, அதன் பாரத்துக்கே இழை பிரிந்து கீழே விழும். தக்ளிதான் சரி, ஆனால் தொங்கவிடாமல், முனையைக் கொட்டாங்குச்சியில் வைத்துச் சுழற்றவேண்டும். அப்போது பாரம் நூலில் ஏறாது. பெரிய ராட்டை எல்லாம் இப்போது வேண்டாம், பெட்டி ராட்டை கிடைத்தால் வாங்குங்கள், எரவாடா சிறையில் காந்தி பயன்படுத்திய அந்த மடக்கு ராட்டை மெல்லிய இழைக்கு இன்றைக்கும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

வெட்டின முடியைக் கழுவ வேண்டியதில்லை, ஆட்டுக் கம்பளியில் இருக்கிற பிசுக்கு இதில் கிடையாது. நுனி ஒருபக்கம் அடி ஒருபக்கம் என்று வரிசை கலையாமல் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு கொத்தை விரலில் மடித்துப் பிடித்து மடிப்பிலிருந்து இழுத்து நூற்கலாம். அழுத்தி மூட்டை கட்டினால் கட்டிபிடித்துவிடும். நாப்தலீன் உருண்டையைத் துணியில் சுற்றிப் போடுங்கள், கம்பளிப் பூச்சிக்கு அங்கோரா என்றால் விருந்து.

தனி அங்கோராவில் ஒரு ஸ்வெட்டர் போட்டால் யாரும் உடுத்த முடியாது, அத்தனை சூடு. இழைக்குள்ளே காற்றறைகள் இருக்கிறது, அதுதான் காரணம். இழுத்தால் மீண்டு வருகிற தன்மையும் இல்லை, தொளதொளவென்று தொங்கிப்போகும். அதனால் உலகம் முழுக்க 20, 30 சதவீதம் அங்கோராவை மீதிக் கம்பளியோடு கலந்துதான் நூற்கிறார்கள். கலக்குவதற்குக் கார்டர், அதாவது இழையைச் சீவுகிற கம்பிப் பல் பலகை, விலை கேட்டால் மயக்கம் வரும், நாய்க்கு முடி சீவ விற்கிற கம்பிப் பல் பிரஷ் இரண்டு வாங்குங்கள், அதே வேலையைச் செய்யும்.

நூற்று முடித்ததும் இரண்டு புரியாக முறுக்கிச் சிட்டம் போட்டு, சூடான தண்ணீரில் ஒரு முக்கு, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, துண்டில் சுற்றி நாலு தட்டு. லேசாகக் கட்டிபிடித்து இழைகள் பிணைந்துகொள்ளும், அப்புறம் போடுகிறவர் கறுப்புப் புடவையெல்லாம் வெள்ளை முடியாகாது. இதை மற்ற கம்பளிக்குச் செய்தால் கெட்டுப்போகலாம், அங்கோராவுக்கு வேண்டியிருக்கிறது. அந்தப் புகைமூட்டம் மாதிரி மினுங்கும் ரோம விளிம்பு நூற்ற அன்றைக்கே தெரியாது, போட்டுப் புழங்கப் புழங்கத்தான் எழும்பும்.

---

பின்னி மில் பேரன் எழுதியது:

சின்னதாக ஒரு குறுக்கீடு. தாத்தா பின்னி மில்லில், அதாவது பி அண்டு சி மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தவர், 1996ல் மில் மூடுகிறவரை பெரம்பூரில் பாதி வீட்டில் அந்தப் பேச்சுதான். அவர் சொல்வார், நூற்கிற கூடத்தில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதனால் காற்றில் தண்ணீரைத் தெளித்து ஈரத்தை ஏற்றுவார்கள் என்று. பருத்திக்கு ஈரம் பட்டால் பலம் கூடும். கம்பளி வகைக்கு நேர் எதிர், ஈரத்தில் வலு குறையும், ஆனால் இழைகள் மின்னேறிப் பறந்து ஒட்டாமல் அடங்கியிருக்கும். வடசென்னைப் புழுக்கம் முயலுக்குத்தான் ஆகாது, நூற்கிறவருக்கு அது இலவசமாகக் கிடைத்த வசதி.

நம்ம பக்கத்து ஆட்டிலாவது கம்பளி கிடைக்குமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், திருவள்ளூர், செங்கல்பட்டு முழுக்க இருக்கிற மெட்ராஸ் ரெட் ஆட்டுக்கு இருப்பது குட்டை ரோமம், கம்பளியே இல்லை. திருச்சி கருப்பு, கோயம்புத்தூர்க் குரும்பை இரண்டிலும் உண்டு, ஆனால் சொரசொரப்பு, போர்வைக்கும் விரிப்புக்கும்தான். உடம்பில் குத்தாமல் போட வேண்டுமென்றால் நீலகிரி ஆடுதான், அது எண்ணிக்கையில் ரொம்பக் குறைந்துவிட்டது.

---

மாடிவீட்டு முயல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஜோடியை வாங்கப் போவதில்லை, நேற்று கடைக்குப் போய் முதுகில் ஊதிப் பார்த்தேன், பிடரி மட்டும்தான் நீளம், முதுகு சாதா முயல். கடைக்காரர் முறைத்தார். தக்ளி அக்கா, எரிப்பட்டு என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அது நம்ம ஊருக்குச் சரிப்படுமா? எனக்குத் தேவை கையாலே நூற்று, 'இது நானே நூற்றது' என்று சொல்லி விற்கிற ஒரு நூல், அவ்வளவுதான். அங்கோரா ஆசை விடவில்லை, பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

---

தக்ளி அக்கா எழுதியது:

சரிப்படும் என்ன, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்ததே அதுதான். எரிப் புழு தின்பது ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும், சேலம், தர்மபுரி பக்கம் மரவள்ளி போட்டவர்கள் இதையும் வளர்க்கிறார்கள். மல்பெரிப் பட்டு மாதிரி ஒரே இழையாக இழுத்து எடுக்கவே முடியாது, கூட்டில் ஒருபக்கம் வாய் திறந்திருக்கும், அந்துப்பூச்சி அதன் வழியாக வெளியே வந்துவிட்ட பிறகு மிச்சக் கூட்டை நூற்கத்தான் வேண்டும். அதனால் கை நூற்பாளருக்கென்றே வந்த பட்டு இது. குளிரில் கதகதப்பு, வெயிலில் உறுத்தாது, மே மாதத்திலும் சென்னையில் தோளில் போடலாம். உங்கள் குழந்தைத் தொப்பிக்கு அங்கோராவைவிட இதுதான் பொருத்தம், ரோமம் உதிர்ந்து குழந்தை மூக்கில் போகாது.

காலிக் கூடு கேட்டு வாங்குங்கள், உள்ளே புழு செத்துக் கிடக்கிற கூடு நாறும். கூடுகளை மெல்லிய துணியில் தளர்வாக மூட்டை கட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சலவை சோடா போட்டு, முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுங்கள். நடுவில் ஒரு கூட்டை எடுத்து விரலால் இழுத்துப் பாருங்கள், இழைகள் ஒட்டாமல் பிரிந்து வந்தால் இறக்கிவிடலாம். சோடா கூடினாலும் கொதி கூடினாலும் பட்டின் மினுமினுப்பு போய்விடும். நாலைந்து தண்ணீரில் அலசி, ஈரத்திலேயே ஒவ்வொரு கூட்டையும் உள்வெளியாகப் புரட்டி, கட்டைவிரலில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி விரித்துக் காயவையுங்கள். காய்ந்ததும் அந்த வட்டத்தை நடுவில் கிழித்து வளையமாக இழுத்துக்கொண்டே போனால் நூற்கத் தயாராக ஒரு நீளப் பட்டை. அங்கோரா நழுவுகிற மாதிரி இது நழுவாது, கொஞ்சம் பிடித்துக்கொடுக்கும், கை பழக இதுதான் நல்லது. முதல் கொதிக்கு ஒரு கைப்பிடி கூடு போதும்.

---

கோத்தகிரி குளிர் எழுதியது:

கை பழகினபிறகு அங்கோரா வாங்குவதாக இருந்தால் 'ஒரு கிலோ கொடுங்கள்' என்று கேட்காதீர்கள், முதல் தரம் மட்டும் 100 கிராம் கேளுங்கள், முதலில் ஒரு கொத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் அளவுகோலில் வைத்துப் பாருங்கள், ஆறு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, ஒரே கொத்தில் பாதி நீளம் பாதி குட்டையாக இருந்தாலோ வேண்டாம். குட்டை இழைகள் கத்தரி இரண்டாம் தடவை பட்டதால் வருவது, நூலில் சின்னச் சின்ன முடிச்சாக நிற்கும். எரிப்பட்டோடு கலந்து நூற்பதாக இருந்தால் 100 கிராமில் ஒன்றிரண்டு சால்வைக்கு ஆகும்.